பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

இத்தாலியில் உள்ள வல்தோர்சா நகராட்சியின் பதிவேட்டுக் குமாஸ்தா ஒரேஸ்தேயை ஊரில் யாரும் புகழ்வதும் இல்லை, திட்டுவதும் இல்லை. அனுப்பவேண்டிய கடிதத்தை அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை. ஜூனில் ஓய்வு. அன்றைக்குக் கொடுக்கப் பித்தளைத் தகடு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் என்ன பொறிக்கலாம் என்று மேயர் கேட்டபோது, "ஒன்றும் தவறியதில்லை" என்று போட்டால் போதும் என அவரே சொல்லியிருந்தார். தன்னடக்கம் என்று அவருக்கு நினைப்பு.

மார்ச் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் எர்யோனா கவுன்டர் முன் வந்து நின்றாள். மேட்டு வீட்டு அல்பேனியக் கொத்தனாரின் மகள். பிறந்தது பக்கத்து ஆஸ்பத்திரியில், வளர்ந்தது இதே ஊரில். ஆனால் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்துவிட்டால் மட்டும் இத்தாலியர் ஆகிவிட முடியாது. பதினெட்டு வயது முடிந்து பத்தொன்பது நிறைவதற்குள் நகராட்சிக்கு வந்து, "எனக்குக் குடியுரிமை வேண்டும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். இதை முன்கூட்டியே கடிதம் போட்டுச் சொல்வது ஒரேஸ்தேயின் வேலை.

அவர் அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்தார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார்.

"பதினோரு நாள் லேட்டும்மா."

"கடிதமே வரலையே சார்."

"அனுப்பினேனே."

"வரல. வந்திருந்தா வந்திருப்பேன்ல? போய்க் கேளுன்னு அம்மா தினமும் நச்சரிப்பாங்க. ஒரேஸ்தே சார் அனுப்பாம விடமாட்டாரு, கொஞ்சம் சும்மா இரும்மான்னு நான்தான் அவங்க வாயை அடைச்சேன். தீயணைப்புப் படைக்கு விண்ணப்பம் போட உக்காந்தப்பதான் இந்தக் கெடு விஷயமே தெரிஞ்சுது. அதுக்குக் குடியுரிமை வேணும். இந்த மாசம் முப்பதாம் தேதி கடைசி."

"வேற வழி இருக்கு. மனு போடலாம். மூணு நாலு வருஷம் ஆகும்."

"நாலு வருஷம் தீ காத்துக்கிட்டு இருக்குமா? சார், நானும் சட்டத்தைப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். பதினெட்டுக்கு முன்னாடி நகராட்சி தெரியப்படுத்தலைன்னா இந்தக் கெடு செல்லாதாம்."

"செல்லாது. சரியாத்தான் படிச்சிருக்க. ஆனா நான் தெரியப்படுத்திட்டேன்."

ஆகமொத்தம், ஒரேஸ்தே கடமை தவறியிருந்தால் அவள் இத்தாலியப் பெண். தவறவில்லை என்றால் வெளிநாட்டுக்காரி. இதை அவர் விளக்கமாகவே சொன்னார். அவள் வல்தோர்சாவின் கொச்சையில் அவருடைய கோப்புகளையும், அவற்றைக் கட்டிய கயிற்றையும், கயிறு விற்ற கடைக்காரனின் பரம்பரையையும் ஒரே மூச்சில் திட்டினாள். அங்கே பிறந்தவர்களுக்கு மட்டுமே அப்படித் திட்ட வரும். சட்டம் அதைச் சான்றாக ஏற்பதில்லை.

ஒரேஸ்தேக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகவே அலமாரிக்குப் போய், பதிவுத் தபால்களுக்கான ஒப்புகை அட்டைக் கட்டை எடுத்து வந்தார். தேதி, பெயர், எண் எல்லாம் இருந்தன. அட்டையைக் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி பிடித்தார்.

"இதோ. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து."

அவள் குனிந்து பார்த்தாள். "இது என்னுது இல்ல. அப்பாவுதும் இல்ல. எங்க வீட்டுல யாரும் இவ்வளவு பெருசா சுழிக்கமாட்டாங்க."

ஒரேஸ்தே அட்டையைத் திருப்பினார். முதல் எழுத்தைப் பெரிய வட்டமாகச் சுழித்து, கடைசி எழுத்தில் வால் இழுத்திருந்தது. அந்தக் கையெழுத்தை அவர் தினமும் நாற்பது தடவை போடுகிறார்.

அட்டையைக் கட்டில் செருகாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வா" என்றார்.

மதியம் மதுக்கடையில் தபால்காரர் லீபெரோ மொச்சைக்கொட்டை சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒரேஸ்தே அட்டையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஞாபகம் இருக்காப்பா?"

"ஓ, இதுவா. அன்னிக்கு மழை. அந்த மேட்டுப் பாதையில என் ஸ்கூட்டர் ஏறுமா? நீ இங்கதான் காபி குடிச்சுட்டு இருந்த. இங்க ஒரு கையெழுத்துப் போடுன்னேன், போட்ட. நகராட்சி ஆளாச்சே, நீயே கொண்டுபோய்க் குடுத்துருவன்னு நெனச்சேன்."

"எதுல போடறேன்னு நான் பாக்கவே இல்லையா?"

"நீ பேப்பர் படிச்சுட்டு இருந்தய்யா."

"கடிதம் எங்க?"

"கவுன்டர் மேல வச்சேன். அப்புறம் யாருக்குத் தெரியும்?"

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மதுக்கடைக் கவுன்டரில் எதைத் தேடுவது? ஒரேஸ்தே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூஞ்சியத் தொங்கப்போடாத" என்றார் லீபெரோ. "அட்டை தொலைஞ்சு போச்சுன்னு எழுது. அட்டை இல்லன்னா தெரியப்படுத்தினதுக்கு ஆதாரம் இல்ல. அந்தப் பொண்ணுக்கும் காரியம் ஆகும், என் வேலையும் தப்பும். யாரும் உன்னைத் தூக்குல போடமாட்டாங்க."

"என் ஆபீஸ்ல ஒரு அட்டையும் தொலைஞ்சதில்ல."

"அப்ப சும்மா இரு. அவ லேட், நீ கரெக்ட். தகடு வாங்கிட்டு வீட்டுக்குப் போ."

இரண்டாவது யோசனை அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தாலுகாவிலேயே அந்தச் சுழியைப் படித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்று பிற்பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி நிதானமாக யோசித்தார். இடையிடையே, அம்மாவின் வாயை அடைத்ததாக அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அவரை நம்பியிருந்தாள். நம்பாத பிள்ளைகள் தாங்களே விசாரித்துக்கொண்டு நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்குத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். "அறிவிப்பு உரிய தேதியில் அனுப்பப்பட்டது. ஆனால் தவறான நபரிடம் ஒப்படைக்கப்பட்டது. தவறான நபர்: கீழே கையொப்பமிட்டுள்ள பதிவேட்டு அலுவலர். ஆகவே விண்ணப்பதாரருக்குக் கெடு பொருந்தாது." ஒரு பிரதியை மேயரின் மேசையில் வைத்தார். மேயர் அதைப் படித்துவிட்டு ஒழுங்கு நடவடிக்கை என்றும், தகட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றும் முணுமுணுத்தார். ஒரேஸ்தே இரண்டையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கே எர்யோனா வந்துவிட்டாள். அவர் அந்தத் தாளை நீட்டினார். அவள் படித்தாள், மறுபடி படித்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவும் தெரியவில்லை.

"ஒண்ணரை வருஷமா தினமும் தபால்பெட்டியைத் திறந்து பாத்தேன் சார்."

"என் தப்பும்மா. மன்னிச்சுக்கோ." அந்தக் கவுன்டருக்குப் பின்னாலிருந்து அவர் இந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"சரி. நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினார். போட்டாள். அவர் முத்திரை குத்தி, "அவ்வளவுதான், மீதியை நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அவள் நகரவில்லை.

"என் விண்ணப்பத்தை வாங்கிக்கிட்டதுக்கு ரசீது குடுங்க."

வல்தோர்சாவில் ஒரேஸ்தேயிடம் யாரும் ரசீது கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, தேதியைச் சரிபார்த்தாள், எண்ணைச் சரிபார்த்தாள்.

"கையெழுத்துக்குக் கீழ பேரையும் எழுதுங்க சார்" என்றாள். "எல்லாருக்கும் படிக்க வரணும்ல."