யாரும் வாசிக்கவில்லை

“ஒருத்தரும் உள்ள வராதீக!” என்று வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள் ரீனா.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். உள்ளே சவப்பெட்டிக்குள் ரீனாவின் அம்மா இசபெல் கிடந்தாள். சபைக்காரர்கள் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அந்த ஊர்க் கிளை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள். பட்டாசு ஊரில் பகலில் எவர் வந்து உட்கார்ந்து வாசிப்பார்? அதனால் காலையில் பை நிறையப் புத்தகத்தோடு அவளே வேன் நிற்கும் இடத்துக்குப் போய்விடுவாள். கம்பெனிக்குள் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் தூக்குச்சட்டிக்கு அடியில் புத்தகத்தை ஒளித்துப் போவார்கள். மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள்.

போன ஆடியில், நூலகத்தால் யாருக்கு என்ன பயன் என்று அளந்து பார்க்க அதிகாரிகள் இருவர் வந்தார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். “இங்கன தேடாதீக சார், வேன்கிட்ட வந்து கேளுங்க” என்று அம்மா பெருமையாகக் கூட்டிப்போனாள். அதற்கென்று புதுச்சேலை வேறு. அதிகாரிகள் ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். புத்தகமா, எங்களுக்கு என்ன தெரியும் என்று அத்தனை பேரும் கைவிரித்தார்கள். யாரும் வாசிக்கவில்லை என்று எழுதி நூலகத்தை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று மாரடைப்பு.

“எங்கம்மா மூஞ்சிக்கு நேரா தெரியாதுன்னீகளே, இப்ப என்ன தெரிஞ்சு வந்தீக?” என்றாள் ரீனா.

முன்னால் நின்ற ராக்காயி கண்ணைத் துடைத்தாள். “நல்லா வையி தாயி. வாயத் தொறந்தா நாளைக்கு வேன்ல ஏற வேண்டாம்னுட்டாக. புள்ளகுட்டிக்காரிக, என்ன செய்வோம்?”

“யாரு சொன்னா?”

ராக்காயி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க போர்மேன்தான்.”

அந்தக் கம்பெனியின் போர்மேன் ரீனாவின் அண்ணன் பிராங்க்ளின். கம்பெனி கேட்டில் தூக்குச்சட்டிகளைச் சோதிக்காமல் விட்டது தெரிந்தால் தன் வேலை போகும் என்று பயந்திருக்கிறான். உள்ளே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவனும் அவனே.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“மறுநாளே வந்து கேட்டாக, சொல்லிட்டேன். ரீனாகிட்ட சொல்லிராதீக, புள்ளைக ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்னாக.”

தெரிந்துதான் தினமும் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவனும் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா என்று கேட்டுத் தின்றிருக்கிறான். பாவி. ரீனா நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

போதகர் ஜெபத்தை முடித்து, பெட்டியைத் தூக்கச் சொன்னார். பிராங்க்ளின் மூக்கைச் சிந்திவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தான். அங்கே பிடியைப் பற்றிக்கொண்டு ரீனா நின்றிருந்தாள்.

“நகரு ரீனா. பொம்பளைக தூக்கக் கூடாது.”

அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

“ராக்காயி அக்கா, நீங்க இந்தப் பக்கம் புடிங்க. மத்தவுகளும் வாங்க.”

பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். தூக்கிப் பழக்கமில்லாததால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. பிராங்க்ளின் ஒரு கையை நீட்டியபடியே கூட நடந்து பார்த்தான். பிடிக்க இடமில்லை.