ரெட் ஆக்சைடின் சரியான பெயர்

என் மனைவி தன் அம்மாவுக்குக் கால்சியம் குளோரைடு வரை சொல்லிக்கொடுத்திருந்தாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி. அதன் பிறகு ஒன்றுமில்லை.

அத்தை எங்களோடுதான் இருக்கிறார். இப்போது என்னோடு. அவருக்கு ஒரு கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் வேலை. அங்கே ஆய்வக உதவியாளர் இடம் காலியானது. சனிக்கிழமை தேர்வு. புட்டியில் உள்ள வாய்பாட்டைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் கூட்டிப்போக வருவதாக இருந்தார்.

"பொண்ணே போயாச்சு. மாப்பிள்ளை வீட்டுல உனக்கு இன்னும் என்ன வேலை?"

போனில் அவர் கேட்டது எனக்கும் கேட்டது. அத்தை போனை வைத்தார். அந்த ஆய்வக வேலை கிடைத்தால் அத்தையிடம் ஒரு பதில் இருக்கும்.

நான் வேதியியல் படித்துவிட்டுப் பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்கிறவன். மீதியை நான் சொல்லிக்கொடுத்தேன். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தார்.

"Fe₂O₃. சொல்லுங்க அத்தை."

"ரெண்டு அயர்ன் இருக்கு. அயர்ன் டூ ஆக்சைடு."

"தப்பு. அந்த ரெண்டு, எத்தனை அயர்ன்னு சொல்லுது. பேர்ல வரவேண்டியது ஒவ்வொண்ணோட மின்சுமை, சார்ஜ்."

"அத எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடல. நாமதான் கண்டுபிடிக்கணும்."

"நல்ல கூத்து. சோடியம் பாவம், எப்பவும் ஒண்ணு. கால்சியம் ரெண்டு. இரும்பு மட்டும் ஆளப் பாத்து மாறுமாக்கும்?"

"மாறும். அதனால பக்கத்துல இருக்கிறவனப் பாக்கணும். ஆக்சிஜன் இதுல மைனஸ் ரெண்டு. மூணு ஆக்சிஜன், மைனஸ் ஆறு. அத ரெண்டு அயர்ன் சேர்ந்து ஈடுகட்டணும். ஆளுக்கு எவ்வளவு?"

கத்தியை வைத்துவிட்டு விரல் மடக்கினார். "மூணு. அயர்ன் த்ரீ ஆக்சைடு."

"அதான் நம்ம வாசல் கேட்டுக்கு அடிச்ச ரெட் ஆக்சைடு."

"உங்க சட்டைக் கையில எவ்வளவு தேய்ச்சாலும் போகாம நிக்குதே, அந்தச் சனியனா மாப்ள?"

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று சட்டெனத் தெரியவில்லை. என்னுடையதுதான்.

சனிக்கிழமை கல்லூரி வாசலில் வண்டியோடு நின்றேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"காப்பர் வந்துச்சா?"

"Cu₂O. காப்பர் டூன்னு எழுதிட்டேன்."

நான் வண்டிச் சாவியைப் பார்த்தேன்.

"அவசரப்படாதீங்க. அப்புறம் பக்கத்துல பாத்தேன். ஒரே ஆக்சிஜன். மைனஸ் ரெண்டு. ரெண்டு காப்பருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு ஒண்ணு. அத அடிச்சிட்டு காப்பர் ஒன் ஆக்சைடுன்னு எழுதினேன்."

"ரிசல்ட்?"

"திங்கக்கிழமையாம்."

ஞாயிறு வந்தது. அண்ணனும் வந்தார். உட்காரவில்லை.

"பெட்டி எங்கம்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். பெட்டி கட்டியிருக்கவில்லை.

"ரிசல்ட் நாளைக்குத்தான் மாமா," என்றேன்.

"தேறலேன்னா?"

"தேறலேன்னாலும் அத்தை இங்கதான் இருக்கணும். அடுத்த தடவ எழுதுவாங்க. மாங்கனீஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

இவ்வளவு நீளமாக நான் பேசி நாளாகியிருந்தது. அவர் தங்கையைப் பார்த்தார். அத்தை என்னிடம் கேட்டார்:

"அந்த மாங்கனீஸு எத்தனை விதமா மாறும் மாப்ள?"

"நெறைய விதமா."

"அப்ப நாளாகும்," என்றார் அத்தை. "உக்காருண்ணா. டீ போடறேன்."