குரங்குக் குல்லா

காலையில் எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன். பாலைக் காய்ச்சினேன். மூன்று பேருக்குக் காபி கலந்தேன். எனக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. குளிக்கத் தண்ணீரைக் கேஸ் அடுப்பில் வைத்தேன். சவரம் செய்தேன், குளித்தேன், தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டேன். ஜனவரி மாதம். கல்கத்தாவில் எல்லோரையும் போல நானும் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டேன். கண், மூக்கு, வாய் தவிர மற்றதெல்லாம் கம்பளிக்குள் போய்விடும்.

வீரபாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ரஞ்சனாவின் தம்பி. ரஞ்சனா என் மனைவி. அதற்கு முந்தின வாரம் இறந்துபோனாள். பக்கெட்டில் ஹீட்டர் கம்பியைப் போட்டவள், சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்த்திருக்கிறாள். நான் அப்போது கிடர்பூரில், வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு மித்ரா பௌதிதான் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். பௌதி என்றால் அங்கே அண்ணி.

மதுரையிலிருந்து ரஞ்சனாவின் அம்மாவான அத்தையும் வீரபாண்டியனும் வந்தபிறகு தகனம் நடந்தது. பௌதி அழுதாள். பௌதியின் கணவர் அழுதார். ரஞ்சனாவை ஒரே ஒருமுறை பார்த்திருந்த எங்கள் அலுவலகப் பியூன்கூட அழுதான். நான் அழவில்லை.

"சர்க்கரை போதுமா அத்தான்?" என்றான் வீரபாண்டியன்.

"போதும்."

"பக்கத்து வீட்டு பெங்காலியம்மாவுக்குச் சோறு இறங்கலையாம். உங்களுக்குச் சர்க்கரை போதுது."

"பாண்டி, வாய மூடு" என்றாள் அத்தை. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அலிப்பூரில் விசாரணை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் மாஜிஸ்ட்ரேட் விசாரிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெண்ணைப் பெற்றவள் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னால் வழக்காகிவிடும், என்னைக் கைது செய்யலாம். இல்லை என்றால் அத்தோடு முடியும். அத்தை என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கல்லூரியில் எனக்கு மனவியல் துணைப்பாடம். புத்தகத்தில் ஒரே மனிதனின் முகம் பல படங்களில் இருக்கும். கோபம், பயம், துக்கம் என்று கீழே அச்சிட்டிருப்பார்கள். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தத் துக்கப் படத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, குல்லாவுக்குள் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர், வயிற்றுவலியா என்று வங்காள மொழியில் கேட்டார். விட்டுவிட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் அறை வாசலில் இருந்த சேவகன் குல்லாவைக் கழற்றச் சொன்னான். கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாஜிஸ்ட்ரேட் ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் சண்டை உண்டா? எல்லார் வீட்டிலும் இருக்கிற அளவு, என்றேன். அன்று காலை கடைசியாக உன்னிடம் என்ன சொன்னாள்? நினைவில்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். எதையோ தேடினார். அது அங்கே இல்லை.

பிறகு அத்தையின் முறை. அவளுக்குத் தமிழ் மட்டும்தான். வீரபாண்டியன்தான் மொழிபெயர்க்க வேண்டும். மகளின் சாவில் சந்தேகம் இருக்கிறதா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதை அவன் தமிழில் சொன்னான். அத்தை என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"பாண்டி, அத்தான் காதைப் பாரு."

"என்னம்மா நீ, இங்க வந்து."

"பாருடா."

"குளிருக்குச் செவந்திருக்கு."

"இம்புட்டு நேரம் கம்பளிக்குள்ள கெடந்த காது. அதுக்கு என்னடா குளிரு?"

என்ன சொல்கிறார் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றான் வீரபாண்டியன்.

அத்தைக்கு அது புரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லேன்னு சொல்லாத. நான் சொல்றதைச் சொல்லு. ரஞ்சி போன் பண்றப்பல்லாம் இவுக காதைப் பத்தித்தான் பேசுவா. மூஞ்சி வெள்ளையடிச்ச சுவரு, ஒண்ணும் தெரியாது, மனசுல ஏதாச்சும்னா காது மட்டும் மொளகாப்பழம் ஆயிரும்மான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எஸ்.டி.டி. பூத்துல காசு ஓடுதுடி கழுத, வைடின்னு நான் கத்துவேன். அப்பவும் சிரிப்பா."

வீரபாண்டியன் சுருக்கமாகச் சொன்னான். மாஜிஸ்ட்ரேட் என் காதுகளைப் பார்த்தார். காது சிவந்தால் தப்புச் செய்யாதவன் என்று ஆகிவிடுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீரபாண்டியன் அதை உடனே தமிழில் சொன்னான்.

"ஆகாது. கோவத்துக்கும் செவக்கும், பயத்துக்கும் செவக்கும். நான் காதுக்குச் சாட்சி சொல்ல வரல" என்றாள் அத்தை. "புருசனுக்குப் பயந்துக்கிட்டு இருக்கிற பொண்ணு அவன் காதை வச்சுக் கேலி பேச மாட்டா. என் மக பேசினா. எனக்குச் சந்தேகம் கெடையாது. இதை அப்படியே சொல்லு."

வீரபாண்டியன் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. கடைசி வாக்கியத்தில் குரல் போய்விட்டது. கனைத்துக்கொண்டு அதைத் திரும்பவும் சொன்னான்.

வெளியே வந்து மூவரும் மண் குவளையில் டீ குடித்தோம். சர்க்கரை அதிகம் என்று வீரபாண்டியன் பாதியைக் கொட்டினான்.

மறுநாள் ஹவுராவில் அவர்களை வண்டி ஏற்றினேன். வீரபாண்டியன் தண்ணீர் பிடிக்கப் போனதும் அத்தை ஜன்னல் கம்பியருகே குனிந்தாள்.

"ரஞ்சி கடைசியா என்ன சொன்னான்னு கேட்டதுக்கு, நெனைவில்லேன்னீகளாம். பாண்டி சொன்னான். நெசமாவே இல்லையா?"

"இருக்கு அத்தை. அங்க சொன்னா சண்டைன்னு எழுதிக்குவாங்க."

"சண்டையா?"

"சின்னது. பொங்கலுக்கு பௌதி வீட்டுல அத்தனை பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுட்டா, என்கிட்ட கேக்காம. நான் பேசாம கிளம்பினேன். வாசல்ல நின்னுக்கிட்டு, கோவமாங்கன்னா. இல்லைன்னேன்."

"அதுக்கு?"

காது சுட்டது. குல்லா பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்பதை முதலில் சொன்னேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன்.

"குல்லாவைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."