பதினோராம் எலியும் இரண்டாம் மதிப்பீட்டாளரும்

1

இந்தக் கதை அறியாமையில் பிறந்தது. எழுத்தாளரின் அக்கா மகள் போனில் கேட்டாள்: "மாமா, நடத்தை நரம்பறிவியல்ல ஹானர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" அது எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட எழுத்தாளருக்குத் தெரியாது. "அருமையான சப்ஜெக்ட்மா, கண்ண மூடிட்டுச் சேரு" என்றார்.

(எழுத்தாளர் என்று இங்கே வருகிறவர் இதை எழுதுகிறவர்தான். முதலில் "நான்" என்று போட்டுப் பார்த்தார். மூன்றாம் வரியிலேயே தற்பெருமை தலைகாட்டியது. அடுத்தவரைப் போல நினைத்துக்கொண்டால் திட்டுவது சுலபம்.)

போனை வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை விவரமாக ஏதாவது கேட்டால் மானம் போய்விடும். ஒரு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஹானர்ஸ் பட்டத்துக்கான நிபந்தனைகளைப் படித்தார். சாதாரணப் பட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் எல்லாம் வேண்டும். அதற்கு மேல் புள்ளியியல். மதிப்பெண் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கக் கூடாது. கடைசி ஆண்டு முழுக்க ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு, அதன்மேல் ஓர் ஆய்வேடு. பிறகு மூன்று பேர் எதிரே உட்கார்ந்து குடைகிற வாய்மொழித் தேர்வு. நடுவில் சறுக்கினால் பட்டம் கிடைக்கும், ஹானர்ஸ் கிடைக்காது.

எழுத்தாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பெண், அவளுக்கு ஓர் ஆசை, வழி நெடுகத் தடைகள், முடிவில் ஒரு சபை. பாதி வேலையைப் பல்கலைக்கழகமே முடித்து வைத்திருந்தது.

2

முதல் தொடக்கம்: "மூளை என்பது ஒரு" (இதற்கு மேல் அவருக்குத் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: "எலி அவளைப் பார்த்தது. அவளும் எலியைப் பார்த்தாள். இருவர் கண்களிலும்" (காதல் கதையாகப் போகிறது. நிறுத்தியாயிற்று.)

மூன்றாம் தொடக்கம்: "அந்த வீட்டில் ஒரே ஒரு மேஜைதான் இருந்தது."

இது நிற்கும். எல்லா வினையும் அந்த மேஜையால் வந்ததுதான்.

3

அந்த வீட்டில் ஒரே ஒரு மேஜைதான் இருந்தது. சாப்பாடு, துணி மடிப்பது, மகளின் படிப்பு எல்லாம் அதன் மேல்தான். அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் வரிசையில் வேலை பார்த்தாள். மகள் ஹானர்ஸ் கடைசி ஆண்டு.

மகளின் ஆய்வு இது. ஒரு பெட்டிக்குள் எலியை விடுவார்கள். உள்ளே ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஒரு மரக்கட்டையும் இருக்கும். பாட்டிலை எலி முந்தின நாளே பார்த்திருக்கிறது, கட்டை புதிது. பாட்டிலை நினைவு வைத்திருக்கும் எலி அதைச் சட்டை செய்யாமல் கட்டையைத்தான் அதிகம் முகரும். விளையாட்டுச் சாமான்களோடு வளர்ந்த எலிகளுக்கு வெறுங்கூண்டில் வளர்ந்தவற்றைவிட நினைவு அதிகமா என்பது கேள்வி. வீடியோவைப் பார்த்து, எலியின் மூக்கு கட்டையருகே போனதும் கணினியில் ஒரு விசையை அமுக்க வேண்டும். விலகியதும் விட வேண்டும். அமுக்கியிருந்த நேரம்தான் கணக்கு.

(எலியைக் கண்டால் எழுத்தாளர் கட்டில் மேல் ஏறிவிடுவார். மேற்கண்ட பத்தி முழுவதும் அக்கா மகள் சொல்லக் கேட்டு எழுதியது. "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே மாமா" என்று அவள் நடுவில் சிரித்த சிரிப்பு நல்லதாகப் படவில்லை.)

ஒருவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. இன்னொருவரும் தனியாகப் பார்த்து அமுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். அதற்கென்று இருந்த தோழி பாதியில் வேறு படிப்புக்குத் தாவிவிட்டாள்.

"வேற யாரையாவது உக்கார வை" என்றார் வழிகாட்டியான பேராசிரியை. "ஆராய்ச்சி எதுக்குன்னு தெரியாத ஆளா இருக்கணும், அவ்ளோதான்."

"அந்தத் தகுதி எனக்கு நல்லாவே இருக்கு" என்றாள் அம்மா.

மகள் ஒரு மடிக்கணினியை இரவல் வாங்கி வந்தாள். மேஜையின் இரு பக்கமும் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு வீடியோவை ஓட்டத் தெரியாது. அதனால் மகளே இரண்டு கணினியிலும் திறந்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். இரண்டுமே அரதப் பழசு. விசையை அமுக்கினாலும் சத்தம், விட்டாலும் சத்தம்.

முதல் சில நாட்கள் ஒத்துப்போகவில்லை. பிறகு ஒத்துப்போயிற்று, கண் பட்டுவிடும் அளவுக்கு.

"இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்ல" என்றார் பேராசிரியை. "யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

"எங்கம்மா, மேடம்."

"நல்ல கூர்மையான கண்ணு அவங்களுக்கு."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், இரண்டாம் மதிப்பீட்டாளர் என்று போட்டு, அம்மாவின் பெயரை மகள் அச்சடித்துக் காட்டினாள். அம்மா அந்தத் தாளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள்.

4

ஆய்வேட்டைக் கொடுக்க நான்கே நாள் இருக்கும்போது மகள் கோப்புகளைச் சரிபார்த்தாள். அவள் ஒரு தவறு செய்திருந்தாள். அம்மாவின் கணினியில் பதினோராம் எலியைத் திறந்தவள், அவசரத்தில் தன் கணினியில் பதினேழாம் எலியைத் திறந்திருக்கிறாள். ஆளுக்கொரு எலியைப் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் இருவர் கணக்கும் அச்சு அசலாக ஒத்துப்போயிருந்தது.

மகள் பதினோராம் எலியை மறுபடி ஓட்டினாள். அது பெட்டிக்குள் விட்டதிலிருந்து மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. கட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா எலியைப் பார்க்கவே இல்லை.

5

இங்கே எழுத்தாளர் மாட்டிக்கொண்டார். ஒரு முடிவில் மகள் வாயைத் திறக்காமல் ஹானர்ஸ் வாங்கிவிடுகிறாள். எழுதி முடித்ததும் அவருக்கே அவளைப் பிடிக்காமல் போயிற்று. இன்னொரு முடிவில் பேராசிரியையிடம் உண்மையைச் சொல்கிறாள், அவர் கண்கலங்கி அவளைக் கட்டிக்கொண்டு (வேண்டாம், தாங்காது).

வழக்கம்போல இரண்டையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"ரெண்டுமே நல்லாருக்குங்க."

இத்தனை வருடத்தில் அவள் வேறு எதுவும் சொன்னதில்லை. அன்றுதான் அவருக்கு உறைத்தது. தனக்குப் பெருமையான இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்துவார். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் அவள் "நல்லாருக்கு" என்பாள். நல்ல எழுத்தாளர் என்று தன்னைப் பற்றி இவ்வளவு நாள் வைத்திருந்த எண்ணத்துக்கு அவளுடைய காதுதான் சாட்சி.

தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவைத் தட்டினாள்.

"அந்தப் பொண்ணு மேடம்கிட்ட எப்படியும் சொல்லிடுவா, அது தெரியுதுங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவா? அத எழுதாம நைசா நழுவிட்டீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

6

மகள் கணினியை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது என்னம்மா பண்ணுது?"

"மூஞ்சி கழுவுது."

"கட்டைகிட்ட போச்சா?"

"எங்க போச்சு? உக்காந்த இடத்த விட்டு நகரலயே."

"அன்னைக்கு இதுக்கு நீ அமுக்கிட்டே இருந்திருக்க."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"நீ அமுக்குன. நானும் அமுக்குனேன்."

"எலியப் பாத்து அமுக்கச் சொன்னேன்லம்மா?"

"மொதல்ல பாத்துதான் அமுக்குனேன். ஒத்துப்போகலன்னா எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும்னு சொன்ன. உன் மூஞ்சி அப்படியே வாடிப்போச்சு. அப்புறம் கை தானா போக ஆரம்பிச்சுது. லைன்ல எதிர்ல நிக்கிறவ மூடி போடுற சத்தம் கேட்டா என் கை டேப் ஒட்டும். நான் டப்பாவப் பாக்கறதே இல்ல. தப்புன்னு தெரியாதுடி."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தாள்.

"சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அம்மா.

"வேற ஆள வெச்சு முழுக்கத் திரும்பப் பாக்கணும். டைம் குடுத்தா உண்டு. இல்லன்னா ஹானர்ஸ் போச்சு."

"சொல்லலன்னா?"

"யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே. மூணு பேர் முன்னாடி உக்காந்து எப்படிப் பேசுவ? சொல்லிடு." அம்மா எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "அந்தப் பக்கத்துல என் பேரு இருக்குல்ல. அத அழிச்சுடுவியா?"

மகள் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பேராசிரியைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள். பிறகு நன்றிப் பக்கத்தைத் திறந்து, "இரண்டாம் மதிப்பீட்டாளர்" என்ற சொற்களை அழித்தாள். அம்மாவின் பெயர் மட்டும் தனியாக நின்றது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் பெயரும் போக வேண்டும். அவள் விரல் விசைமேல் இருந்தது.

7

பேராசிரியை என்ன பதில் எழுதினார் என்று எழுத்தாளருக்குத் தெரியாது. நான்கு விதமாக எழுதிக் கிழித்தார். அக்கா மகளைக் கேட்டதற்கு, "அது ஆளைப் பொறுத்தது மாமா" என்றாள். விவரமான பெண், சேரட்டும்.

பெயரைப் பற்றி மட்டும் அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. அதைச் சொல்லப்போவதில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் உங்கள் கை தானாகப் போகும் என்பது இத்தனை வருடத்தில் அவருக்குப் பழகிவிட்டது.

மேஜை இதோ இருக்கிறது. அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். எழுத்தாளர் அடுத்த அறைக்குப் போய்விட்டார், கதவைச் சாத்தியாயிற்று. இங்கிருந்து எந்தச் சத்தமும் வராது. நீங்களே பார்த்து அமுக்குங்கள்.