முறைக்காய்ச்சலும் முப்பது செடிகளும்

இலஞ்சி பரமசிவத்தின் மகள் முத்துவடிவு பாளையங்கோட்டைக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாவரவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மூன்று கம்பளி போர்த்தியும் குளிர் நிற்கவில்லை. மறுநாளே விடுதி அம்மாள் ஓர் ஆயாவைத் துணைக்குப் போட்டு அவளைத் தென்காசி ரயிலில் ஏற்றிவிட்டாள். அது முப்பத்தாறாம் வருஷம், ஆடி பிறந்த சமயம்.

தென்காசி டாக்டர் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல். மதியம் இரண்டு மணிக்குக் குளிர், நாலு மணிக்குக் கொதிக்கும் சூடு, ஆறு மணிக்கு வியர்த்துக் கொட்டி அடங்கிவிடும். கொயினா மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் தின்னவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டை நடத்துகிறவள் பரமசிவத்தின் அக்காள் ஆவுடைத்தாய். புத்தகம் படித்தால் பெண்பிள்ளைக்கு ரத்தம் வற்றும் என்று முதலிலேயே சொன்னவள். இப்போது சாட்சியே வீட்டில் படுத்து நடுங்குகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி, பாவூர்சத்திரத்தில் ஒரு மாப்பிள்ளையையும் விசாரிக்கத் தொடங்கினாள்.

இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. பரமசிவத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. கொஞ்சம் மழுப்பிச் சொல்லியிருக்கலாம். முத்துவடிவு உள்ளதை உள்ளபடி சொன்னாள். முக்கால்பங்கு நாள் வகுப்பில் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஆவணி முடிவதற்குள் திரும்பிவிட்டு, அப்புறம் ஒருநாளும் விடாமல் போனால் எப்படியோ தேறிவிடும். ஆனால் தாவரவியலில் தவறிப்போன செய்முறை வகுப்புகளுக்கு என்ன செய்வது?

காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் ஆசிரியை மிஸ் அன்னபாக்கியத்துக்கு அவளே கடிதம் எழுதி, டாக்டர் சீட்டையும் உள்ளே வைத்து அனுப்பினாள். நாலாம் நாள் ஒரு கார்டில் பதில் வந்தது. வராத நாளை வந்ததாக எழுத என்னால் முடியாது; ஆனால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு தாவரவியல் மாணவி சும்மா படுத்திருக்க வேண்டியதில்லை. முப்பது செடிகளை அழுத்திக் காயவைத்து, பெயரெழுதிக் கொண்டுவா. செய்முறைக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அதிலிருந்து முத்துவடிவுக்குக் காய்ச்சல் நாள், செடி நாள் என்று இரண்டே நாள்தான். வயல் வரப்பிலும் தோப்பிலும் ஒரு வாரத்தில் பதினெட்டுச் செடி சேர்ந்தது. லத்தீன் பெயருக்குத்தான் திண்டாட்டம். அறைத்தோழி வள்ளித்தாய்க்கு காய்ந்த இலை ஒன்றை உறைக்குள் வைத்து அனுப்பினாள். 'நீ அனுப்பிய மூக்குப்பொடி கிடைத்தது' என்று அவள் பதில் எழுதினாள். அதன்பிறகு முத்துவடிவு இலையைப் படம் வரைந்து அனுப்பினாள். வள்ளித்தாய் கல்லூரி நூலகத்தில் தேடிப் பெயரை எழுதினாள். வகுப்புக் குறிப்புகளையும் அதே உறையில் பொடிப்பொடி எழுத்தில் அடைத்தாள்.

ஆனால் முத்துவடிவு ஒரு தப்பு செய்தாள். கொயினா தின்றால் காதுக்குள் வண்டு இரைவதுபோல் இருக்கும், ஒரு வரி மண்டையில் ஏறாது. அதனால் செடி நாட்களில் மட்டும் மாத்திரையைக் கிணற்றடி வாழை மூட்டில் புதைத்துவிடுவாள்.

பெரணி வகைகளுக்கு மலையடிவாரம் போகவேண்டும். தனியாகப் போகக்கூடாது என்றாள் அத்தை. ஐந்தருவிக்கு என்றதும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவளே முதல் ஆளாக வண்டியில் ஏறிவிட்டாள். அருவிக் குளியல் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கொள்கையெல்லாம் கிடையாது.

அத்தை அருவிக்குள் தலையைக் கொடுத்தபின், முத்துவடிவு பழைய பத்திரிகைத் தாளும் கருங்கல்லில் தீட்டிய கத்தியுமாகப் பாறையோரம் அலைந்தாள். இரண்டு மணி நேரத்தில் பெரணி, பாசி, காந்தள் என்று பன்னிரண்டும் கிடைத்தன. கணக்குப்படி அன்று காய்ச்சல் இல்லாத நாள். ஆனால் நண்பகலுக்கே முழங்கால் ஆட ஆரம்பித்தது. சாரல் ஒருபக்கம், உள்ளே குளிர் ஒருபக்கம். கூப்பிட்டுப் பார்த்தாள், அருவி இரைச்சலில் அத்தைக்கு எங்கே கேட்கும்?

சீசனுக்குப் போர்வைக்கடை போட்டிருந்த தென்காசித் தறிக்காரர் பீர் மைதீன் பார்த்துவிட்டார். மனைவி அலிமாவை அனுப்பி அவளைக் கடைக்குள் கூட்டிவரச் செய்து, அடுக்கிலிருந்து புதுப் போர்வைகளை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். அலிமா ஐந்தாவது போர்வையைப் போர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை ஈரத்தலையோடு ஓடிவந்தாள். அழுதுகொண்டே உட்கார்ந்து இன்னொரு காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வண்டியில் ஏற்றும்போது அத்தை போர்வைகளைக் கழற்றப் போனாள். பீர் மைதீன் தடுத்தார். "இருக்கட்டும் ஆச்சி. போர்வை போத்தத்தான இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும், நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

அன்று மாலை, படிப்பு போதும் என்று பரமசிவம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, முத்துவடிவு கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, காய்ச்சல் படிப்பால வரல. கொசு கடிச்சு வந்தது. கொசுவுக்கு நான் காலேஜ்ல படிக்கது தெரியுமா?"

"பிறகு ஏன்ட்டி இத்தனை நாளா விடல?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "மாத்திரையப் பாதிநாள் திங்கல. வாழை மூட்டுல புதைச்சிட்டேன். காது இரையுது, படிக்க முடியல."

பரமசிவத்துக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் பொய் சொல்லித் தப்பியிருக்கக்கூடியவள் தானாக வந்து சொல்கிறாள் என்பதும் அவருக்குப் பட்டது. "இனிமே மாத்திரை எங்கிட்டதான் இருக்கும். முழுங்கிட்டு வாயத் திறந்து காட்டணும். பதினாலு நாள் காய்ச்சல் வராம இருந்தா, நானே ரயிலேத்தி விடுதேன். ஒருநாள் வந்தாலும் பாவூர்சத்திரம்தான்."

அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் அத்தை ஒரு துண்டு கருப்பட்டியோடு நின்றாள். கல்யாணப் பேச்சை மட்டும் ஏனோ எடுக்கவில்லை. காது இரைந்தது, முத்துவடிவு வாய்விட்டுப் படித்து இரைச்சலை அமுக்கப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் பீர் மைதீன் போர்வை வாங்க வந்தார். கையில் ஒரு பத்திரிகைக் கட்டும் இருந்தது. அவசரத்தில் பாறைமேலேயே விட்டுவந்த செடிகள். பிள்ளை பத்திரமாக மடித்து வைத்திருந்ததே என்று, போர்வைக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். முத்துவடிவு பிரித்துப் பார்த்தாள். பெரணி ஒன்றும் சுருங்காமல், இஸ்திரி போட்டதுபோல் படிந்திருந்தது. வீட்டில் அம்மிக்கல்லை வைத்து அழுத்திய பதினெட்டில் ஒன்றுகூட இத்தனை அழகாக வரவில்லை.

பதினாலு நாளும் காய்ச்சல் எட்டிப்பார்க்கவில்லை. பரமசிவம் சொன்னபடியே ரயிலேற்றினார். மிஸ் அன்னபாக்கியம் முப்பதையும் கண்ணாடி வைத்துப் பார்த்து, நாலு பெயர் தப்பென்று சிவப்பு மையால் அடித்தாள். முத்துவடிவு திருத்தி எழுதியபின் செய்முறைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப்பிறகு அந்த வருஷம் முழுக்க முத்துவடிவு ஒரு வகுப்பும் விடவில்லை. தை மாதம் கால் சுளுக்கியபோது வள்ளித்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போனாள். பங்குனியில் அறிவிப்புப் பலகையில் பரீட்சை எழுதத் தகுதியானவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். வந்த நாள் கணக்குப்படி போட்ட வரிசையில் அவள் பெயர் கடைசியிலிருந்து மூன்றாவதாக இருந்தது. வள்ளித்தாய் அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள்.