கிடா வெட்டுக்கு வந்த அம்மா

திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய இளவரசன் நேராக வீட்டுக்கு வரவில்லை. பொன்னம்மாளால் பொறுக்க முடியாதது அந்த ஒன்றைத்தான். ஆண்டிமடம் பக்கம் திரும்ப வேண்டிய கார், பெரம்பலூரைத் தாண்டி லெப்பைக்குடிக்காட்டுக்குப் போயிருக்கிறது. சார்ஜாவில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் தாவூதின் அம்மாவிடம் பார்சல் கொடுக்கப் போனானாம். கொடுத்தோமா வந்தோமா என்று இல்லாமல், அங்கேயே குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயத்தான் வீட்டுக்கு வந்தான். விடியற்காலையிலேயே அடித்து வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு அடுப்பில் சுண்டிப் போயிருந்தது.

"பசிக்கலம்மா. அம்மா உட்கார வச்சி ரெண்டு தடவ சோறு போட்டுட்டாங்க" என்றான்.

பெற்றவள் கரண்டியோடு எதிரில் நிற்கிறாள். இவனுக்கு இன்னொரு அம்மா. வந்த அன்றைக்கே சண்டை வேண்டாமென்று பொன்னம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை. கோபத்தில்தான். ஆனால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

தாவூதின் அம்மா, அந்த ஜெய்த்தூன் பீவியைப் பொன்னம்மாள் நேரில் பார்த்ததே இல்லை. போனில் முகம் தெரியும், குரல் தெரியும். போன வருஷம் இளவரசனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, சார்ஜா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவன் தாவூது. அம்மா பயந்துவிடுவாள் என்று ஊருக்குச் சொல்லவில்லை. தாவூது மட்டும் தன் அம்மாவுக்குச் சொல்ல, அவள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இளவரசனுக்காக நோன்பு பிடித்திருக்கிறாள். மகன் பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் இருந்த நாளெல்லாம் லெப்பைக்குடிக்காட்டில் ஒருத்தி பட்டினி கிடந்தாள். பொன்னம்மாள் இங்கே முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய், பிள்ளை ஊர் வந்து சேர்ந்ததும் கிடா வெட்டுகிறேன் என்று முனியப்பனிடம் நேர்ந்துகொண்டாள். ஆனால் அவள் நேர்ந்துகொண்ட நேரத்தில் பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அப்புறம் முனியப்பன் என்னத்தைக் காப்பாற்றினான்? கணக்குப் பார்த்தால் பிள்ளையைக் காப்பாற்றிய பெருமை முழுக்க அந்த நோன்புக்காரிக்கல்லவா போகிறது! இதை யாரிடம் சொல்லி அழுவது?

"நான் பொழச்சது எதாலன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டும்தான்னு வச்சுக்கயேன்" என்று இளவரசன் ஒருமுறை போனில் சமாதானம் சொன்னான். பொன்னம்மாளுக்குப் பாதி வேண்டாம். முழுசும் வேண்டும்.

கிடா வெட்டுக்கு நாள் குறித்தபோது அவள்தான் சொன்னாள்: "அந்தம்மாவயும் கூப்புடு. நானும் பாக்கணுமில்ல."

இளவரசனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று நினைத்துவிட்டான், பாவம். உடனே தலையைச் சொறிந்தான். "கெடாவ பாய் ஒருத்தர வச்சி அறுத்துடலாமாம்மா? அவங்களும் சாப்புடுவாங்க."

"நேந்து வுட்ட கெடா. பூசாரி ஒரே வெட்டா வெட்டணும். அதுல கைய வைக்காத."

யார் அறுத்தாலும் சாமிக்கு விட்டதை அவர்கள் தொடமாட்டார்கள் என்பது பொன்னம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ஆண்டிமடத்துக் கறிக்கடை பாய் எப்போதோ சொன்னது. தெரிந்துதான் கூப்பிட்டாள். பந்தியில் ஊரே சாப்பிடும்போது அவள் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இது யார் வீடு, இவன் யார் பிள்ளை என்று அவளுக்கு அப்போது புரியும். நினைக்கவே கொஞ்சம் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. கழுத்து நிறைய நகையோடு ஒரு வெளிநாட்டுக்காரன் அம்மா இறங்குவாள் என்று பார்த்தால், நூல் சேலையைத் தலைக்கு இழுத்துவிட்ட ஒல்லியான பெண் ஒருத்தி, கையில் துணிப்பையோடு இறங்கினாள். இறங்கியதும் இளவரசனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். யாருடைய காலரை யார் சரிசெய்வது? பொன்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க வாங்க" என்றாள் வாயெல்லாம் பல்லாக.

கோயில் பக்கம் வராமல், ஜெய்த்தூன் பீவி சற்றுத் தள்ளி முந்திரித் தோப்பு நிழலில் உட்கார்ந்துகொண்டாள். கிடா ஒரே வெட்டில் விழுந்தது. சமையல் ஆனது, படையல் ஆனது, இலை போட்டார்கள். பொன்னம்மாள் கறி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"வந்து ஒக்காருங்க. எங்க வூட்டுச் சாப்பாடு ஒரு வாய் சாப்புடுங்க."

"இன்னைக்கு நோன்பு வச்சிருக்கேங்க. தப்பா நெனைக்காதீங்க, நீங்க போயி மத்தவங்களக் கவனிங்க."

பந்தியிலிருந்த பெண்கள் ஐயோ பாவமே என்றார்கள். பாப்பாத்தி ஒரு படி மேலே போய், "இந்த வெயில்லயா? எப்பேர்ப்பட்ட பொம்பள!" என்று வியந்தாள். வாளியின் கனத்தில் பொன்னம்மாளுக்குக் கை கடுத்தது.

கோயில் அடுப்படிக்கு வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு என்னடா நோன்பு அவங்களுக்கு?"

இளவரசன் குரலைத் தாழ்த்தினான். "சாமிக்கு வெட்டுற கெடான்னு நான்தான் மொதல்லயே சொல்லிட்டேன். வேண்டாம்னு சொன்னா ஒம் மனசு சங்கடப்படும், நாலு பேரு முன்னாடி ஒனக்குக் கொறச்சலாயிடும்னுட்டு நோன்பு வச்சிட்டு வந்திருக்காங்க. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வது? தனக்குப் போட்ட இலையைத் தொடாமல் அப்படியே மடித்துவிட்டு, பொன்னம்மாள் தோப்புக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். மனசில் இருந்ததைக் கேட்டே விட்டாள்.

"எம்புள்ளயக் காப்பாத்துனது ஒங்க நோன்பா, எங்க முனியப்பனா? நீங்களே சொல்லுங்க."

ஜெய்த்தூன் பீவி கோபப்படவில்லை. "கண்ணத் தொறந்துட்டான்னு தாவூது போன் பண்ணான். அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லி அழுதேன். வேற யார் யாரு வேண்டிக்கிட்டாங்கன்னு நான் கணக்குப் பாக்கலீங்க."

பொன்னம்மாள் அன்றிலிருந்து அந்தக் கணக்கைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதைச் சொல்லவா முடியும்?

"நீங்க கேட்டதால நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் ஜெய்த்தூன் பீவி. "ஒங்க மவன் அன்னைக்கு எங்க வாசல்ல வந்து எறங்கினப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. தாவூதுக்கு வேல பாத்த கம்பெனிய மூடிட்டானுவ. பேப்பர் சரியாவாம அங்கயே மாட்டிக்கிட்டிருக்கான். தங்கச்சி நிக்காஹ்வுக்கு வரல, அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணப்பவும் வரல. இந்தப் புள்ள அவன் சட்டயப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிது. சட்ட வந்துடுச்சு, என் மவன் வரலியேன்னு இருந்துச்சு. குளிச்சிட்டு வேற போட்டுக்கப்பான்னு சொல்லி அத வாங்கி வச்சிக்கிட்டேன். இன்னும் தொவைக்கல."

சுண்டிப்போன குழம்புக்காகப் பொன்னம்மாள் கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்த அன்றைக்கு, இவள் ஒரு அழுக்குச் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். தன் பிள்ளை அடுப்படியில் சத்தமாகச் சிரிப்பது அங்கே வரைக்கும் கேட்டது. முதல் முறையாக அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

பொழுது இறங்கியதும் பொன்னம்மாள் வீட்டுக்குப் போய், கறி படாத குடத்தில் புதுத் தண்ணீர் பிடித்து வந்தாள். ஜெய்த்தூன் பீவி பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு, போனில் நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, உதடு அசைய வேண்டிக்கொண்டாள். பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு பழத்தைப் பொன்னம்மாளிடம் நீட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஜெய்த்தூன் பீவி கவனித்திருக்கிறாள்.

பொன்னம்மாள் வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை. "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"ரெண்டு பயலுக்கும்தான்."

"யார் பேர மொதல்ல சொன்னீங்க?"

ஜெய்த்தூன் பீவி தயங்கினாள். "இளவரசன் பேரத்தான். அடுத்தவங்க புள்ளைக்கு மொதல்ல கேட்டா, நம்ம புள்ளைக்குத் தானா கெடைக்கும்னு ஒரு நெனப்பு."

பொன்னம்மாளுக்கு மறுபடியும் எரிந்தது. வாங்க, போங்க எல்லாம் அப்போது வாயில் வரவில்லை.

"இனிமே ஒன் மவன் பேர மொதல்ல சொல்லு. எம்புள்ளைக்கு நான் இருக்கேன், நான் சொல்லிக்கிறேன்" என்றவள் எழுந்து கோயில் பக்கம் இரண்டடி நடந்துவிட்டு, திரும்பி நின்றாள்.

"முனியப்பங்கிட்ட தாவூது பேரயும் சொல்றேன். ரெண்டாவதாத்தான் சொல்லுவேன்."