லஸ்ஸாத்தின் சிவப்புக் கோடு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் செய்த மடத்தனத்திலிருந்து பிறந்தது. எட்டுப் பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஒரே குப்பியில் ஊற்றிக் கலந்தவள் நான்தான். அதை மறைத்து எழுதத்தான் இரண்டு தடவை முயன்றேன்.

‘துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தின் மேல் காலை வெயில்’ (வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

‘மனித உடல் தன்னைத்தானே’ (சீச்சீ, பாடப்புத்தகம்.)

ரவ்தாவின் புருஷன் ஒல்லி.

ஆம், இப்படித்தான் தொடங்க வேண்டும். ரவ்தாவின் புருஷன் லஸ்ஸாத் எங்கள் ஆய்வகத்தில் பரிசோதனை அட்டைகளுக்குப் பட்டை வெட்டுகிறவன். வயது முப்பத்தொன்பது. நாலு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடுவான், உடம்பில் ஒட்டாது. ரவ்தா கோதுமை ரவையைத் தன் கையாலேயே உருட்டி, ஆவியில் இரண்டு முறை வேகவைத்துச் செய்யும் குஸ்குஸுக்குத் தெருவே ஏங்கும். ஆனாலும் ஞாயிறுதோறும் மாமியார் லல்லா தூஜா வந்து, மகனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்.

“ஏண்டி, என் புள்ளைக்குச் சாப்பாடு போடுறியா, இல்ல மோந்து பாக்கச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிடுறியா?”

பதினொரு வருஷமாக இதே பேச்சு. ரவ்தா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

2.

நாங்கள் செய்துகொண்டிருந்தது விரல் நீளப் பரிசோதனை அட்டை. கோதுமை ஆகாத உடம்பா என்று ஒரு சொட்டுச் சீரத்தில், கால் மணி நேரத்தில் அது சொல்ல வேண்டும். சொட்டு அட்டைக்குள் இருக்கும் பட்டையில் ஊறி, தங்கத் துகள்களை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு கோடு விழுந்தால் அட்டை வேலை செய்கிறது. இரண்டு விழுந்தால் ஆள் மாட்டிக்கொண்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தங்கம் என்றதும் லல்லா தூஜா, “ஒரு வளையல் தேறுமா?” என்று கேட்டார். தேறாது. அவ்வளவு பொடியானால் தங்கம் சிவப்பாகிவிடும்.)

ஆரோக்கியமானவர்களின் சீரத்துக்கு ஒரு கோடுதான் விழ வேண்டும். எங்களுக்கோ மங்கலாக இரண்டாவதும் விழுந்தது. சோப்பைக் கூட்டினோம், பால்புரதத்தைக் கூட்டினோம், காயவைக்கும் நேரத்தை மாற்றினோம். ஆறு வாரம் ஓடியது.

“வெள்ளிக்குள்ள இந்தப் பேய்க்கோடு போகலைன்னா மூட்டை கட்டிடலாம்” என்றார் இயக்குநர் ஹாயெத்.

“பேயோட்ட எங்க மாமாவைக் கூப்பிடவா மேடம்? ஒரு கோழி கேப்பாரு, அவ்வளவுதான்” என்றான் லஸ்ஸாத்.

அந்த ‘ஆரோக்கியமானவர்கள்’ யார்? நாங்கள் எட்டுப் பேர்தான். நமக்கு என்ன கேடு என்று நினைத்துவிட்டோம். நடுவில் லஸ்ஸாத் கஃப்ஸா என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஏழு பேரை வைத்துப் புதுக் குப்பி கலந்தேன். பேய்க்கோடு காணாமல் போனது. “வறண்ட காத்து, அதான்!” என்று குதித்தேன். (நீங்கள் அப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். சிரிக்காதீர்கள்.)

3.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், எட்டுப் பேரையும் தனித்தனியாகச் சோதித்தோம். ஏழு அட்டையும் சுத்தம். எட்டாவதில், லஸ்ஸாத்துடையதில், ஹரிஸ்ஸா மிளகாய் விழுதின் நிறத்தில் அழுத்தமாக ஒரு கோடு. எங்கள் அட்டை ஆறு வாரமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதை எட்டில் ஒரு பங்காக்கி மங்கவைத்திருக்கிறேன்.

“அக்கா, இது கெட்டுப்போன அட்டை. வேற குடு” என்றான் லஸ்ஸாத். நாலு கொடுத்தேன். நாலிலும் அதே கோடு.

அட்டை தீர்ப்பு எழுதாது. மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே எடுத்த ரத்தமும் அதையே சொன்னது. மூன்று வாரம் கழித்து வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்வதாகச் சொன்னார்கள். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் குடல் ஆறிப்போய்ச் சோதனை ஏமாற்றிவிடும் என்றார் மருத்துவர்.

“ரவ்தாகிட்ட வாயைத் திறந்துடாதே அக்கா. தெரிஞ்சா ஒரு பருக்கை போட மாட்டா. அதைவிட...” என்று நிறுத்தினான். அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப்போவதில்லை.

4.

இங்கே எனக்கு லல்லா தூஜாவை எழுதிய விதத்தின் மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். ரவ்தாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால், எல்லாம் முடிந்த பிறகு, கதையைச் சொல்லிக் காட்டினேன். சண்டைக்கு வந்துவிட்டாள்.

“அத்தையை ஏன் சூனியக்காரி மாதிரி எழுதியிருக்க? எனக்குக் காய்ச்சல் வந்தா ராவெல்லாம் முழிச்சிருக்கிறது யாரு, நீயா?”

இரண்டு பத்தியைக் கிழித்தேன்.

5.

முடிவுகள். ஒன்று: சோதனை முடிந்து, கையில் காகிதத்தோடு லஸ்ஸாத் நிதானமாகச் சொல்கிறான். இரண்டு: அடுப்படியில் நான் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஒழுங்கான முடிவுகள், ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது. சோதனைக்கு இரண்டு நாள் முந்திய ஞாயிறு. நானும் அந்த மேஜையில் இருந்தேன்.

“பட்டினி போட்டே என் புள்ளையைக் கொன்னுடுவா” என்றார் லல்லா தூஜா.

லஸ்ஸாத் தட்டைத் தள்ளினான். “போதும்மா. இவ போடாம இல்ல. போட்டதை என் உடம்புதான் ஏத்துக்கலை. எனக்குக் கோதுமை ஆகாது.” எல்லாவற்றையும் சொன்னான்.

பதினொரு வருஷப் பழி ஒரே நொடியில் கழன்றது. ரவ்தா சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

“அப்போ இத்தனை வருஷமா... என் கையாலேயே உனக்கு...”

லல்லா தூஜா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சும்மா இருடி. உனக்கு முன்னாடி இருபத்தெட்டு வருஷம் போட்டது யாரு? அப்பவும் இவன் குச்சிதான். பெத்த எனக்கே தெரியலை, உனக்கு எப்படிடி தெரியும்?”

நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

லஸ்ஸாத்துக்குத்தான் எதுவும் உறைப்பதில்லை. தட்டை மறுபடி நீட்டினான். “செவ்வாய்க்கிழமைதானே குழாய் விடுறாங்க? அதுவரை சாப்பிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. உன் கையால கடைசி ஞாயித்துக்கிழமை குஸ்குஸ் இது. போடு.”

ரவ்தா கரண்டி நிறைய அள்ளினாள். அவனைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு அட்டை செய்த என்னைப் பார்த்தாள்.

“அக்கா, போடட்டுமா?”

அன்று நான் ஒரு பதில் சொன்னேன். ஏழு பிரதியிலும் எழுதிப் பார்த்தேன், ஏழிலும் அடித்தேன். மருத்துவம் தெரிந்தவளின் பதில் சுலபம்: செவ்வாய் வரை போடலாம். ஆனால் அவள் மருத்துவம் கேட்கவில்லை, தெரிந்த பிறகும் தன் கையாலேயே போடலாமா என்று கேட்டாள். இப்போது என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் கேட்டுவிட்டாள், கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. சொல்லுங்கள்.